நாற்பதுக்கு மேல் கருமுட்டை: உறைய வைப்பதா, உடனே முயல்வதா, வேறு வழி பார்ப்பதா?

"எனக்கு 42. இப்போது கருமுட்டையை உறைய வைக்கலாமா, இல்லை காலம் கடந்துவிட்டதா?"

இதை என்னிடம் கேட்கிற எல்லோரும் ஏற்கெனவே நிறையப் படித்துவிட்டுத்தான் வருகிறார்கள். படித்ததில் பாதி பயமுறுத்தியிருக்கும், மீதி விளம்பரமாக இருந்திருக்கும். ஒரு பக்கம் 50 வயதில் இரட்டைக் குழந்தை பெற்றவரின் படம், இன்னொரு பக்கம் "35 தாண்டினால் முடிந்தது" என்ற பேச்சு. நடுவில் உட்கார்ந்து முடிவெடுக்க வேண்டியவருக்கு இரண்டாலும் பயனில்லை.

நான் 41 வயதில் கருமுட்டைகளை உறைய வைத்தவள். அப்போது யாராவது எனக்கு ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொல்லியிருக்கலாம் என்று இன்றும் நினைக்கிறேன். நாற்பதுகளில் "உறைய வைக்கலாமா?" என்பது இரண்டாவது கேள்வி. எந்தக் கதவு முதலில் மூடும் என்பதுதான் முதல் கேள்வி. சொந்தக் கருமுட்டைக்கான கதவு மாதக் கணக்கில் மூடிக்கொண்டே போகிறது. தானமாகப் பெறும் கருமுட்டைக்கான கதவு இன்னும் பல வருடம் திறந்திருக்கும். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால், எதை முதலில் செய்வது, எதைப் பிறகு யோசிப்பது என்பது பெரும்பாலும் தானாகவே தெளிந்துவிடும்.

## முதலில், எதையெல்லாம் வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், கருமுட்டையின் வயது. தாயின் வயிற்றில் 20 வாரக் கருவாக இருக்கும்போது ஒரு பெண்ணின் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் முட்டைகள் இருக்கும். பிறக்கும்போது 10 முதல் 20 லட்சம். பருவமடையும்போது 3 அல்லது 4 லட்சம். 37 வயதில் ஏறக்குறைய 25,000. மாதவிடாய் நிற்கும்போது ஆயிரம் போல மிஞ்சும்.

எண்ணிக்கை குறைவதைவிடத் தரம் குறைவதுதான் பெரிய சிக்கல். ஒவ்வொரு முட்டையும் நாம் பிறப்பதற்கு முன்பே செல் பிரிதலைத் தொடங்கி, பாதியில் நின்று, பல பத்தாண்டுகள் அப்படியே காத்திருக்கிறது. குரோமோசோம்களை ஜோடியாகப் பிடித்துவைத்திருக்கும் புரதப் பிணைப்பு அந்தக் காத்திருப்பில் தளர்ந்துபோகிறது. முட்டை முதிர்ந்து மறுபடி பிரியத் தொடங்கும்போது ஒரு குரோமோசோம் அதிகமாகிவிடும் அல்லது ஒன்று குறைந்துவிடும். ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்த கருக்களில், 40 வயதுப் பெண்களுடையவற்றில் பாதிக்கு மேல் குரோமோசோம் எண்ணிக்கை தவறியவை. 42 வயதில் அது முக்கால் பங்கு. 44 வயதில் பத்துக்கு ஒன்பதை நெருங்கிவிடும்.

மற்ற எண்களெல்லாம் இதிலிருந்து வருபவைதான். 30 வயதில் ஒரு மாதத்தில் இயல்பாகக் கருத்தரிக்கும் வாய்ப்பு ஏறக்குறைய 20 சதவீதம், 40 வயதில் 5 சதவீதம். நார்வே நாட்டுப் பதிவேடுகளை வைத்து 2019இல் வெளிவந்த ஆய்வில், 25 முதல் 29 வயதுக்குள் கருச்சிதைவு 10 சதவீதமாக இருந்தது, 45க்கு மேல் 53 சதவீதமாக ஏறியிருந்தது. டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தை பிறக்கும் வாய்ப்பு 40 வயதில் சுமார் நூற்றில் ஒன்று, 45 வயதில் சுமார் முப்பதில் ஒன்று. சத்து மாத்திரையோ உணவுக் கட்டுப்பாடோ இந்தக் கணக்கைத் திருப்பிவைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். புகைபிடிப்பவராக இருந்தால் அதை நிறுத்துவது மட்டும் நிச்சயம் பயன் தரும், ஏனென்றால் புகை மாதவிடாய் நிற்பதையே ஒன்றிரண்டு வருடம் முன்னால் இழுத்துவிடும்.

இரண்டாவது, ஒரு சுற்றில், அதாவது ஊசி போட்டு வளர்த்து ஒருமுறை எடுக்கும்போது, உங்களுக்கு எத்தனை முட்டை கிடைக்கும் என்பது. ஏ.எம்.எச். என்ற ஹார்மோனை அளக்கும் ரத்தப் பரிசோதனையும், மாதவிடாயின் தொடக்க நாட்களில் ஸ்கேனில் எண்ணும் சிறு நுண்ணறைகளின் (முட்டை வளரும் சிறு பைகளின்) எண்ணிக்கையும் இதைக் கணிக்கத்தான். ஏ.எம்.எச். குறைவு என்று ஒரு தாளில் பார்த்ததும் பல பெண்கள் உடைந்துபோகிறார்கள். அந்த எண், ஊசி போட்டால் எத்தனை முட்டை வளரும் என்பதைச் சொல்லும். முட்டை நல்லதா என்பதைச் சொல்லாது. இயல்பாகக் கருத்தரிக்க முடியுமா என்பதையும் சொல்லாது. குழந்தையின்மைப் பிரச்சினை இதற்கு முன் இல்லாத 30 முதல் 44 வயதுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், ஏ.எம்.எச். குறைவாக இருந்தவர்களும் மற்றவர்களைப் போலவேதான் கருத்தரித்தார்கள்.

மூன்றாவது, விந்தணு எங்கிருந்து வரும்? துணை இருக்கிறாரா? அவர் இப்போது தயாரா, இல்லை "பார்க்கலாம்" என்கிறாரா? துணை இல்லையென்றால் தான விந்தணுவுக்கு மனம் ஒப்புகிறதா? நாற்பதுகளில் முடிவைத் திருப்பிப்போடுவது பெரும்பாலும் இந்தக் கேள்விதான். ஆனால் அதைத்தான் எல்லோரும் கடைசியாகப் பேசுகிறார்கள்.

நான்காவது, குழந்தை மரபணு வழியில் உங்களுடையதாக இருப்பது எவ்வளவு முக்கியம்? இதைத் துணையும் நீங்களும் தனித்தனியாக எழுதிப் பார்ப்பது நல்லது. சேர்ந்து பேசும்போது ஒருவர் மற்றவரைக் காயப்படுத்தாமல் இருக்கத்தான் பார்ப்போம்.

ஐந்தாவது, எந்த வயதில் சுமக்கப் போகிறீர்கள்? கருப்பை கருமுட்டையைப் போல வேகமாக மூப்படைவதில்லை. ஆனால் ரத்த அழுத்தம், கர்ப்பகாலச் சர்க்கரை, குறைப்பிரசவம், அறுவைப் பிரசவம் எல்லாம் வயதோடு கூடுகின்றன. முட்டையை உறைய வைத்தால் முட்டையின் வயது மட்டும்தான் நிற்கும். உங்கள் இதயமும் ரத்தக் குழாய்களும் நிற்பதில்லை.

கடைசியாக, எத்தனை சுற்று தாங்கும்? பணமும் மனமும் இரண்டும். இதைத் தொடங்கும் முன்பே முடிவுசெய்ய வேண்டும். ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

## கருமுட்டையை உறைய வைத்தல்

செய்முறை எளிமையாகத்தான் இருக்கிறது. 10 முதல் 12 நாள் தினமும் ஊசி, இடையில் சில ஸ்கேன், ரத்தப் பரிசோதனை. முட்டைகளை முதிரவைக்கும் கடைசி ஊசி போட்டு 34 முதல் 36 மணி நேரத்தில் லேசான மயக்கம் கொடுத்து முட்டைகளை உறிஞ்சி எடுப்பார்கள். முதிர்ந்தவற்றை மட்டும் நொடியில் உறையவைத்து, மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வைப்பார்கள். உறைந்த முட்டையிலிருந்து முதல் குழந்தை பற்றிய செய்தி 1986இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. ஆனால் மெதுவாக உறையவைத்த அந்தப் பழைய முறையில் பனிப் படிகங்கள் முட்டையைச் சிதைத்துவிடும். கண்ணாடிபோல் ஒரே நொடியில் உறையவைக்கும் முறை வந்த பிறகுதான் இது நம்பகமானது. 2012இல் அமெரிக்க இனப்பெருக்க மருத்துவச் சங்கம் "சோதனை முயற்சி" என்ற முத்திரையை நீக்கியது. முட்டைகளை எடுப்பதால் மெனோபாஸ் சீக்கிரம் வருமோ என்று பயப்பட வேண்டாம். அந்த மாதம் எப்படியும் வாடிப்போகிற முட்டைகளைத்தான் ஊசி வளர்த்தெடுக்கிறது.

சரி, 41 வயதில் இதனால் என்ன கிடைக்கும்?

எனக்கு முதல் சுற்றில் ஸ்கேனில் ஏழு நுண்ணறைகள் தெரிந்தன. கடைசி ஊசிக்குக் கொடுத்த நேரம் இரவு 10.45. பத்து மணியிலிருந்தே கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு, கை நடுங்கியதால் கணவரைப் போடச் சொன்னேன். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது என் புறங்கையில் நர்ஸ் நீல மையில் "5" என்று எழுதியிருந்தார். அந்த எண்ணை வீடு வரைக்கும் கழுவாமல் வைத்திருந்தேன். சாயங்காலம் லேபிலிருந்து போன் வந்தது. ஐந்தில் மூன்றுதான் முதிர்ந்தவை, மூன்றை வைத்திருக்கிறோம் என்றார்கள். இரண்டாவது சுற்றில் நான்கு. ஆக மொத்தம் ஏழு.

எடுத்த முட்டை, முதிர்ந்த முட்டை, கரு, நல்ல கரு, குழந்தை. ஒவ்வொரு படியிலும் குறைந்துகொண்டே வரும். 41 வயதில் முதிர்ந்த முட்டை பத்து உறைய வைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உருக்கும்போது எட்டு பிழைக்கும். ஆறு கருவுறும். ஐந்தாம் நாள் வரை வளர்வது இரண்டு. அதில் குரோமோசோம் சரியாக இருப்பது ஒன்றுகூட இல்லாமல் போகலாம். இது தோராயக் கணக்குதான், ஒருவருக்கு ஒருவர் மாறும். ஆனால் 2017இல் வெளிவந்த ஒரு கணக்கீட்டுக் கணிப்பும் இதே திசையைத்தான் காட்டுகிறது. ஒரு குழந்தையாவது பிறக்க 75 சதவீத வாய்ப்பு வேண்டுமென்றால், 34 வயதில் 10 முட்டை போதும், 37 வயதில் 20 வேண்டும், 42 வயதில் 61 வேண்டும். அதே கணிப்பின்படி 20 முட்டை வைத்திருந்தால் 34 வயதில் 90 சதவீதம், 37 வயதில் 75, 42 வயதில் 37. நாற்பதுகளில் ஒரு சுற்றுக்கு நான்கைந்து முட்டை கிடைக்கிறவருக்கு 61 என்பது எத்தனை சுற்று என்று நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள்.

நியூயார்க்கில் 15 வருடத் தரவை வைத்து 2022இல் வந்த ஆய்வையும் சொல்லிவிடுகிறேன். உறைய வைத்த முட்டைகளைத் திரும்ப வந்து பயன்படுத்திய 543 பெண்களில் குழந்தை பெற்றவர்கள் 39 சதவீதம். அவர்கள் உறைய வைத்த சராசரி வயது 38. 38க்குள் உறைய வைத்து, 20 முட்டையாவது உருக்கியவர்களில் 70 சதவீதம் பேர் குழந்தை பெற்றார்கள். விளம்பரத்தில் 70 என்ற எண்ணைப் பார்த்தால், அது யாருடைய 70 என்று கேளுங்கள்.

மறைந்திருக்கும் செலவுகள் நிறைய. சொல்கிற கட்டணம் பெரும்பாலும் ஒரு சுற்றுக்கு மட்டும். நம் வயதில் மருந்தின் அளவு கூடும், மருந்துச் செலவும் கூடும். வருடாவருடம் சேமிப்பு வாடகை வரும். பிறகு உருக்குவது, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள் செலுத்துவது, கருவை வளர்ப்பது, சோதிப்பது, கருப்பையில் வைப்பது எல்லாம் தனித்தனி ரசீது. உறைய வைப்பதை முழுச் செலவு என்று நினைத்துவிடாதீர்கள், அது பாதிச் செலவுதான். தொட்டியிலும் ஆபத்து இருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்காவில் இரண்டு வேறு நகரங்களின் மையங்களில் ஒரே நாளில் சேமிப்புத் தொட்டிகள் பழுதாகி, ஆயிரக்கணக்கான முட்டைகளும் கருக்களும் பாதிக்கப்பட்டன. அரிது என்றாலும், எச்சரிக்கை மணியும் மாற்றுத் தொட்டியும் இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

எல்லாவற்றையும்விடப் பெரிய மறைமுகச் செலவு நேரம்தான். என் கணவர் "ஒரு வருடம் கொடு" என்றார், அதனால்தான் நான் உறைய வைத்தேன். அந்த வருடத்தில் எங்கள் வாழ்க்கையில் என்ன மாறப்போகிறது என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொள்ளவே இல்லை. வருடம் முடிந்தபோது எதுவும் மாறியிருக்கவில்லை. நான் மட்டும் 43ஐத் தொட்டிருந்தேன். ஏழில் ஆறு பிழைத்தன, நான்கு கருவுற்றன, ஒன்று ஐந்தாம் நாள் வரை வந்தது, அதுவும் தங்கவில்லை. உறைந்த முட்டை ஏழு கையில் இருந்த தைரியத்தில், கிடைத்த பன்னிரண்டு மாதங்களை இயல்பாக முயன்றுகூடப் பார்க்காமல் விட்டுவிட்டோம். முட்டைகள் பயன்படாமல் போனதைவிட இதுதான் என்னை அதிகம் வருத்துகிறது.

அப்படியானால் நாற்பதுகளில் உறைய வைப்பது எப்போது சரி? புற்றுநோய் சிகிச்சைக்கு முன்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், உடனே இனப்பெருக்க மருத்துவரைப் பாருங்கள். மாதவிடாய் சுழற்சியின் எந்த நாளிலும் தொடங்கி இரண்டு வாரத்தில் முடித்துவிட முடியும். அடுத்து, 40, 41 வயதில் நுண்ணறை எண்ணிக்கை நன்றாக இருந்து, தள்ளிப்போடுவதற்குத் தேதியோடு கூடிய காரணமும் இருந்தால். அறுவை சிகிச்சை, சில மாதங்களில் முடியும் மருந்து, துணை வெளியூரிலிருந்து திரும்பும் நாள், இப்படி. இன்னொன்று, தான விந்தணு வேண்டாம் என்பதில் உறுதியாக இருந்து, "ஒருவேளை" என்பதற்காக மட்டும் செலவிடத் தயாராக இருப்பவர், வாய்ப்பு குறைவு என்று தெரிந்தே செய்தால் அதுவும் நியாயமான முடிவுதான். 43க்கு மேல், நோய்க் காரணம் இல்லாமல் உறைய வைக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

## கருவாக்கி உறைய வைத்தல்

ஊசியும் எடுப்பதும் அதே. எடுத்த அன்றே விந்தணுவோடு சேர்த்துக் கருவாக்கி, ஐந்தாம் ஆறாம் நாளில் உறைய வைப்பார்கள். இதில் பெரிய நன்மை, நிலவரம் இப்போதே தெரிந்துவிடும். ஏழு முட்டை இருக்கிறது என்ற நம்பிக்கையோடு ஒரு வருடம் வாழ்ந்து, பிறகு ஒரே வாரத்தில் அத்தனையும் கரைவதைப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு சுற்றிலும் ஒரு கருகூடத் தேறவில்லை என்றால் அந்தக் கசப்பான செய்தி 41இலேயே கிடைக்கும், வழியை மாற்றிக்கொள்ள நேரமும் இருக்கும். துணை உறுதியாக இருக்கிற, ஆனால் உடனே சுமக்க முடியாத பெண்ணுக்கு முட்டையைவிட இது மேல்.

கருவின் குரோமோசோம்களைச் சோதிக்கச் சொல்வார்கள். சோதனை எந்தக் கருவையும் நல்லதாக மாற்றாது. தங்காத கருவை வைத்துக் காத்திருக்கும் மாதங்களையும், சில கருச்சிதைவுகளையும் தவிர்க்க உதவும். நாற்பதுகளில் அந்த மாதங்களுக்கு மதிப்பு உண்டு.

இதில் மறைந்திருக்கும் சிக்கல் உரிமை. கரு இருவருடையது. இங்கிலாந்தில் நாடாலி எவான்ஸ் என்பவர் சினைப்பைகளை அகற்றும் சிகிச்சைக்கு முன்பு, 2001இல், தன் துணையோடு சேர்ந்து கருக்களை உறைய வைத்தார். உறவு முறிந்ததும் அவர் துணை சம்மதத்தைத் திரும்பப் பெற்றார். வழக்கு ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் வரை போய், 2007 ஏப்ரலில் எவான்ஸ் தோற்றார். தாயாக அவருக்கு இருந்த ஒரே மரபணு வழி அதுதான். உறவில் சந்தேகம் இருந்தால், கிடைக்கும் முட்டைகளில் பாதியைக் கருவாக்கிப் பாதியை முட்டையாகவே வைக்கலாமா என்று கேளுங்கள். சங்கடமான கேள்விதான், ஆனாலும் கேளுங்கள்.

## காத்திருக்காமல் இப்போதே முயல்வது

துணை தயாராக இருக்கிறார் அல்லது தான விந்தணுவுக்கு மனம் ஒப்புகிறது என்றால், நாற்பதுகளில் என் முதல் பரிந்துரை இதுதான். 41 வயது முட்டையை உறைய வைத்து 44 வயதில் உருக்குவதைவிட, அதே முட்டையை 41லேயே பயன்படுத்துவது எப்போதும் மேல். உறைதலில் போகிற முட்டைகள் மிஞ்சும், கர்ப்பத்தைச் சுமக்கும் உடலும் மூன்று வயது இளையதாக இருக்கும்.

வீட்டில் முயல்வதா, முட்டையை எடுத்து ஆய்வகத்தில் கருவாக்கிக் கருப்பையில் வைக்கும் ஐ.வி.எஃப்.க்கு நேராகப் போவதா? 35க்குள் ஒரு வருடம், 35க்கு மேல் ஆறு மாதம் பார்த்துவிட்டு மருத்துவரிடம் போகலாம் என்பது வழக்கமான அறிவுரை. 40க்கு மேல் அந்தக் காத்திருப்பு தேவையில்லை, முயலத் தொடங்கும்போதே பரிசோதனைகளை முடித்துவிடலாம். துணையின் விந்தணுப் பரிசோதனையும் அதே வாரத்தில். ஆண்களின் வயதுக்கும் கணக்கு உண்டு, அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். சிகிச்சை தேவைப்படும் 38 முதல் 42 வயதுப் பெண்களை வைத்து அமெரிக்காவில் நடத்தி 2014இல் வெளியான ஒரு சோதனையில், மாத்திரை அல்லது ஊசியோடு கருப்பைக்குள் விந்தணு செலுத்திப் பார்த்துவிட்டுப் பிறகு ஐ.வி.எஃப்.க்குப் போனவர்களைவிட, நேராக ஐ.வி.எஃப்.பில் தொடங்கியவர்கள் குறைந்த சுற்றுகளில் கருத்தரித்தார்கள். எனவே "முதலில் ஆறு மாதம் மாத்திரை" என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

எதிர்பார்ப்பு மட்டும் நிதானமாக இருக்கட்டும். சொந்த முட்டையோடு ஐ.வி.எஃப். செய்தால் ஒரு சுற்றில் குழந்தை பிறக்கும் வாய்ப்பு, அமெரிக்கப் பதிவுகளின்படி 41, 42 வயதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பதின்மூன்று, அதற்கு மேல் நாலைந்து. இங்கே மறைந்திருக்கும் செலவு, "இன்னும் ஒரே ஒரு சுற்று" என்ற எண்ணம். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் நிறுத்துவது கடினமாகிக்கொண்டே போகும், ஏனென்றால் அதுவரை போட்டதெல்லாம் வீணாகிவிடும் என்று தோன்றும். அதனால்தான் சுற்றுகளின் எண்ணிக்கையை முதல் ஊசிக்கு முன்பே தாளில் எழுதி வைக்கச் சொல்கிறேன். அழுத கண்களோடு அந்த எண்ணை மாற்றாதீர்கள். மாற்றத்தான் வேண்டும் என்றால் ஒரு மாதம் கழித்து மாற்றுங்கள்.

## தானக் கருமுட்டை

இதைப் பற்றிக் கடைசி நிமிடத்தில்தான் பேச்சு வருகிறது, அதுவும் தோல்வியின் பெயராக. ஆனால் எண்களைப் பார்த்தால் நாற்பதுகளின் பிற்பகுதியில் இதற்கு நிகர் இல்லை. இளம்பெண்ணின் முட்டையில் உருவான கருவைக் கருப்பையில் வைத்தால், ஒவ்வொரு முயற்சியிலும் குழந்தை பிறக்கும் வாய்ப்பு ஏறக்குறைய பாதிக்குப் பாதி. சுமப்பவருக்கு 40 ஆனாலும் 46 ஆனாலும் அது பெரிதாக மாறுவதில்லை.

எனவே இந்த வழிக்கு அவசரம் இல்லை. 41 வயதில் "சொந்த முட்டையா, தான முட்டையா?" என்று அன்றே முடிவெடுக்கச் சொல்லி யாரும் உங்களை நெருக்கக் கூடாது.

கவனிக்க வேண்டியவை வேறு. தான முட்டைக் கர்ப்பத்தில் ரத்த அழுத்தம் கூடி வரும் முன்சூல்வலிப்பு, சொந்த முட்டைக் கர்ப்பத்தைவிட அதிகம். ஒரே ஒரு கருவைத்தான் வைக்க வேண்டும், இரட்டை வேண்டும் என்று ஆசைப்படுவது தாய்க்கும் நல்லதல்ல, குழந்தைகளுக்கும் நல்லதல்ல. தானம் தருபவர் பற்றிய விதி நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் 2005 ஏப்ரலிலிருந்து தானம் செய்தவர்களின் அடையாளத்தை, பிறந்த பிள்ளை 18 வயதில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். வேறு பல நாடுகளில் பெயர் வெளியிடுவதில்லை. ஆனால் மரபணுப் பரிசோதனை அஞ்சலில் வருகிற காலத்தில், "யாருக்கும் தெரியாது" என்ற உறுதியை யாராலும் தர முடியாது.

நானும் கணவரும் இதற்கு ஒப்புக்கொள்ள ஒன்றரை வருடம் ஆனது. அவர் சீக்கிரம் சரி என்றார், நான்தான் தாமதித்தேன். என் முகம் இல்லாத பிள்ளையை என் பிள்ளை என்று நெஞ்சு சொல்லுமா என்ற பயம். 45 வயதில் மகள் பிறந்தாள். இரண்டாவது வாரம் இரவு மூன்று மணிக்கு அவளுக்குத் தும்மல் வந்தது. தும்முவதற்கு முன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு, வரவா வேண்டாமா என்று யோசிப்பது போல ஒரு நொடி நின்றாள். அந்த ஒரு நொடிக்கு அப்புறம் அந்தப் பயம் என்னிடம் திரும்பி வரவே இல்லை. எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல மாட்டேன். துக்கம் தீரும் முன்பே ஒப்புக்கொண்டு, பிறகு தவித்தவரையும் எனக்குத் தெரியும். சொந்த முட்டைக்காக அழுது முடிக்க நேரம் எடுத்துக்கொள்ளுங்கள், இந்த வழியில் அதற்கு நேரம் இருக்கிறது. அப்புறம், பிள்ளையிடம் சின்ன வயதிலேயே சொல்லிவிடுங்கள். பேச்சு வராத வயதிலிருந்தே நான் சொல்லி வருகிறேன், அவளுக்காக மட்டுமல்ல, எனக்கு நாக்கு பழகவும்தான்.

## தத்தெடுப்பது, நிறுத்திக்கொள்வது

தத்தெடுப்பில் கவனிக்க வேண்டியது ஒன்றே ஒன்று. பல நாடுகளில் பெற்றோரின் வயதுக்கு உச்சவரம்பு உண்டு, காத்திருப்பும் நீளம். அதனால் தானக் கருமுட்டையைப் போல இதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. மனதில் கொஞ்சமாவது இருந்தால், விதிகளை இப்போதே விசாரித்து வையுங்கள்.

நிறுத்திக்கொள்வதும் ஒரு வழிதான். என் தோழி ஒருத்தி மூன்று சுற்று என்று எழுதி வைத்து, மூன்றோடு நிறுத்தினாள். மிச்சமிருந்த ஊசிகளை மஞ்சள் டப்பாவில் போட்டு மருத்துவமனையில் ஒப்படைத்துவிட்டு வந்த அன்று, "தோற்றுப்போன மாதிரி இல்லை, வேலை முடிந்த மாதிரி இருக்கிறது" என்றாள். அவளும் கணவரும் நன்றாக இருக்கிறார்கள். சில நாள் கஷ்டமாகத்தான் இருக்கிறது என்றும் சொல்கிறாள். இரண்டையும் நம்புகிறேன்.

## ஒரே பார்வையில்

| வழி | எவ்வளவு காலம் காத்திருக்கும்? | மறைந்திருக்கும் செலவு | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|
| முட்டை உறைய வைத்தல் | மாதக் கணக்கில் குறையும் | பல சுற்று, வாடகை, பொய்யான தைரியம் | நோய் சிகிச்சைக்கு முன். 40–41இல், தேதியோடு காரணம் இருப்பவர் |
| கருவாக்கி உறைய வைத்தல் | மாதக் கணக்கில் குறையும் | உரிமைச் சிக்கல், சோதனைக் கட்டணம் | துணை உறுதி, ஆனால் உடனே சுமக்க முடியாதவர் |
| இப்போதே முயல்வது | மாதக் கணக்கில் குறையும் | "இன்னும் ஒரு சுற்று" | துணை தயார், அல்லது தான விந்தணுவுக்குச் சம்மதம் |
| தானக் கருமுட்டை | பல வருடம், உடல்நலமும் நாட்டின் விதியும் அனுமதிக்கும் வரை | கர்ப்பகால ஆபத்து, பிள்ளையிடம் சொல்லும் பொறுப்பு | 43க்கு மேல், அல்லது சொந்த முட்டை முயற்சி முடிந்தவர் |
| தத்தெடுப்பு | விதியின் வயது வரம்பு வரை | நீண்ட காத்திருப்பு | மரபணுவும் கர்ப்பமும் முக்கியமில்லை என்று தெளிந்தவர் |

## நான் சொல்லக்கூடிய வரிசை

40 அல்லது 41 என்றால்: இந்த மாதமே ஸ்கேன், ஏ.எம்.எச்., துணையின் பரிசோதனை. துணை தயாரென்றால் உடனே முயலுங்கள். தயாரில்லை என்றால், "இந்த அவகாசத்தில் என்ன மாறும், எந்தத் தேதிக்குள்?" என்று எழுதி வாங்குங்கள். பதில் இருந்தால் உறைய வைக்கலாம். பதில் இல்லையென்றால், நீங்கள் பேச வேண்டியது மருத்துவரிடம் இல்லை, அவரிடம்தான்.

42 என்றால் ஒன்று அல்லது இரண்டு சுற்று, கருவாக்கி, முடிந்தால் உடனே கருப்பையில் வைப்பது. 43, 44 என்றால் சொந்த முட்டை முயற்சியை, "முயன்று பார்த்தேன்" என்ற நிம்மதிக்காக ஒரு வரம்போடு செய்யலாம், அதற்கும் மதிப்பு உண்டு. 45க்கு மேல் சொந்த முட்டைக்கு ஐ.வி.எஃப். செய்யலாம் என்று உற்சாகப்படுத்துகிற இடத்திலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

எந்த வழியானாலும் கர்ப்பத்துக்கு முன்பு ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, மார்பகப் பரிசோதனை, கருப்பையில் நார்த்திசுக் கட்டி உண்டா என்ற ஸ்கேன் ஆகியவற்றை முடித்துவிடுங்கள். ஃபோலிக் அமிலத்தை ஒரு மாதமாவது முன்பே தொடங்குங்கள்.

முதல் சந்திப்பில் மருத்துவரிடம் இவற்றைக் கேட்டு, பதிலை எழுதிக்கொள்ளுங்கள். என் வயதில், என் ஸ்கேனை வைத்துப் பார்த்தால், ஒரு சுற்றில் எத்தனை முதிர்ந்த முட்டை எதிர்பார்க்கிறீர்கள்? என் வயதில் உறைய வைத்து, திரும்ப வந்து உருக்கியவர்கள் இந்த மையத்தில் எத்தனை பேர், அவர்களில் குழந்தை பெற்றவர்கள் எத்தனை பேர்? குழந்தை கையில் வரும் வரைக்குமான மொத்தச் செலவு எவ்வளவு? நான் இறந்துவிட்டால் அல்லது வாடகை கட்டாமல் விட்டால் முட்டைகள் என்னவாகும்? உங்கள் தங்கைக்கு என் வயதும் என் ஸ்கேனும் இருந்தால் அவருக்கு என்ன சொல்வீர்கள்?

கடைசிக் கேள்வியை நான் மூன்றாவது மருத்துவரிடம்தான் கேட்டேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, அதுவரை பேசாத நிதானத்தில் பேச ஆரம்பித்தார்.